திருவையாறு வேன் டூர்: தர்மபுரியிலிருந்து போய்வந்த அனுபவம்

தர்மபுரியில் வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி ஞாயிறு விடிகாலை கொண்டுவந்து விடும் கோயில் டூர் வேன்கள் ஓடுகின்றன, அப்படி ஒன்றில் அம்மாவோடு போய்வந்தேன். ஆளுக்கு 2,200 ரூபாய், சனிக்கிழமை டிபன், மதியச் சாப்பாடு சேர்த்து. தொப்பூர் கணவாயில் டிரைவர் அவசரமே படாமல் இறக்கினார், அதற்கே அவரைப் பாராட்டணும். சீட், ஏசி எல்லாம் சரி.

ஆனால் நான் இதை எழுதுவது திருவையாறுக்காக. நோட்டீஸில் கோயில் பெயர்களுக்கு நடுவே 'தியாகராஜர் சமாதி' என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. தெலுங்கில் கீர்த்தனைகள் இயற்றிய கர்நாடக இசை மேதை அவர். காவிரிக் கரையில் இறங்கியதும், கூட வந்த ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் ஒருவர் சமாதி முன்னால் உட்கார்ந்து அசாவேரி ராகத்தில் தியாகராஜரின் 'சாரி வெடலின' பாட ஆரம்பித்துவிட்டார். எங்கள் வீட்டில் தெலுங்குதான், அதனால் வரிகள் நேராக உள்ளே போயின: காவிரி ஓரிடத்தில் கர்ஜித்து நடுங்க வைக்கிறாள், இன்னோரிடத்தில் கருணை ததும்ப நடக்கிறாள், வழியில் ரங்கநாதரைப் பார்க்கிறாள், அப்புறம் திருவையாற்றுச் சிவனான ஐயாறப்பரை. "நம்ம ஒகேனக்கல் காவிரியில்ல இது!" என்றார் அம்மா, கண்ணெல்லாம் தண்ணீர். 1847-ல் மறைந்த ஒருவர், நாம் பரிசல் ஏறும் ஆற்றை இவ்வளவு கிட்டத்தில் இருந்து பாடியிருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சமாதியைப் பார்த்தபடி பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளின் நினைவிடமும் இருக்கிறது, அதை விட்டுவிட்டு வராதீர்கள். சொந்தச் சொத்தைப் போட்டு இந்தச் சமாதிக் கோயிலைக் கட்டி 1925-ல் குடமுழுக்கு செய்தவர், தியாகராஜர் நினைவாக இங்கே வருஷா வருஷம் நடக்கும் ஆராதனையில் பெண்களும் பாட வேண்டும் என்று போராடி வாங்கிக் கொடுத்தவர். டீச்சர் அங்கேயும் விழுந்து கும்பிட்டார்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: இங்கே கொடுத்தது வெறும் அரை மணி நேரம். பாட்டு முடிவதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள். தியாகராஜர் வாழ்ந்த திருமஞ்சன வீதிக்குப் போகவே முடியவில்லை. இரண்டு கோயிலைக் குறைத்தாவது இங்கே அரை நாள் கொடுக்கணும், அவர் 1767-ல் பிறந்த திருவாரூரையும் சேர்த்தால் இன்னும் நல்லது. அசோகா அல்வா வாங்க மட்டும் தாராளமாக நேரம் கொடுத்தார்கள், அல்வா அருமை.

ஆராதனைக்கு வேன் போடுவீர்களா என்று கேட்டேன். ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது அவர் மறைந்த திதி, பெரும்பாலும் ஜனவரியில் வரும், ஆள் சேர்ந்தால் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் யாருக்காவது ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாடும் அவருடைய ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை அந்தக் கரையிலேயே உட்கார்ந்து கேட்க ஆசை இருந்தால், டிசம்பர் வரை காத்திருக்காமல் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள்.