கொழும்பில் கோல்ஃப் பழகுவோருக்கு இணையத்தில் எது உதவும், எது உதவாது

கைபேசியில் முதலில் இறக்கிக்கொள்ள வேண்டியது விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பின் கோல்ஃப் விதிச் செயலி. இலவசம். சொல்லைத் தட்டினால் விதியும் விளக்கப் படமும் வரும். மாலை மழை அடித்து ஓய்ந்த பிறகு கொழும்பில் அதிகம் தேவைப்படுவது 16ஆம் விதி. பந்து தேங்கிய நீரில் கிடந்தாலோ, நிற்கும் இடத்தில் தண்ணீர் தெரிந்தாலோ, தண்ணீரை விட்டு முற்றாக விலகிய மிக அருகான புள்ளியைப் பார்க்க வேண்டும். அது குழிக்கு இன்னும் கிட்டவாக இருக்கக் கூடாது. அங்கிருந்து ஒரு கிளப் (பந்தை அடிக்கும் மட்டை) நீளத்துக்குள், முழங்கால் உயரத்தில் இருந்து பந்தை விடலாம். தண்டம் இல்லை. காலை ஊன்றி அழுத்தினால் மட்டும் கசியும் ஈரம் கணக்கில் வராது. பன்கர் எனும் மணல் குழிக்குள் நீர் தேங்கியிருந்தால் பன்கருக்குள்ளேயே விட வேண்டும். வெளியே எடுத்தால் ஓர் அடி தண்டம். இதை விளையாட்டின் நடுவில் வாதாடித் தீர்ப்பதைவிடச் செயலியை எடுத்துக் காட்டுவது சுலபம்.

அதில் கிடைக்காதது உள்ளூர் விதி. 1879இல் தொடங்கிய றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் பொரளை மைதானத்தை ஊடறுத்துக் களனிவெளி ரயில் பாதை போகிறது. தண்டவாளப் பக்கம் பந்து போனால் என்ன செய்வது என்பதைக் கழகத்தின் விதிதான் சொல்லும். அப்படியானவை வழக்கமாக ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும். இல்லாவிட்டால் கூட வந்து பை சுமக்கும் கெடியைக் கேளுங்கள்.

விதிகளை யூடியூபில் தேடினால் பதிவேறிய ஆண்டைப் பாருங்கள். 2019இல் விதிகள் பெரிய அளவில் மாறின, 2023இல் மறுபடி திருத்தினார்கள். தோள் உயரத்தில் இருந்து பந்தை விடச் சொல்லும், தொலைந்த பந்தைத் தேட ஐந்து நிமிடம் கொடுக்கும் காணொளிகள் எல்லாம் காலாவதி. இப்போது மூன்று நிமிடந்தான்.

ஸ்விங் பாடத்துக்குப் பஞ்சமே இல்லை, வடிகட்டத்தான் வேண்டும். அதற்கு ஒரு கேள்வி போதும்: பந்து புறப்படும் திசையைத் தீர்மானிப்பது எது? கிளப் முகம் (பந்தில் படும் பக்கம்) என்று சொல்பவரைக் கேளுங்கள். இரும்புத் தலை கொண்ட அயனில் ஏறத்தாழ முக்கால் பங்கும், தூர அடிக்கான டிரைவரில் அதைவிடக் கூடுதலாகவும் முகத்தின் கையில்தான் இருக்கிறது. முகத்துக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள இடைவெளிதான் பந்தை வளைக்கிறது. பாதையின் திசையில்தான் பந்து கிளம்பும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும் பழைய காணொளிகளை மூடிவிடலாம். இது வெறும் கோட்பாட்டுச் சண்டை அல்ல. வலது கைக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைகிறது என்றால் அடிபடும் நேரத்தில் முகம் பாதைக்குத் திறந்திருக்கிறது. இதைத் தெரியாதவர் இடப்பக்கம் குறிபார்ப்பார். பாதை இன்னும் வெளியிலிருந்து உள்ளே வெட்டும். ஸ்லைஸ், அதாவது அந்த வலப்பக்க வளைவு, இன்னும் கூடும். முதலில் பிடியைப் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்கும்போது இடது கையின் இரண்டு, இரண்டரை விரல் முட்டிகள் தெரியாவிட்டால் ஸ்விங்கைத் தொடவே வேண்டாம், பிடியைத் திருத்துங்கள்.

தொடக்கக்காரருக்கு எங்கள் முதல் தெரிவு டேனி மோட். ஒரு காணொளியில் ஒரு கருத்து, அதற்கு ஒன்றிரண்டு பயிற்சிகள், அவ்வளவே. மீ அண்ட் மை கோல்ஃப் நடத்தும் பியர்ஸ் வார்ட், ஆண்டி பிரவுட்மன் இருவரும் தெளிவாகச் சொல்லித் தருவார்கள், ஆனால் கட்டணத் திட்டத்துக்கான அழைப்பையும் கூடவே கேட்க வேண்டிவரும். ரிக் ஷீல்ஸ் இப்போது பெரும்பாலும் பொழுதுபோக்கு. அவருடைய பழைய பாடங்களைத் தோண்டி எடுத்தால் பயன் உண்டு. யாரைப் பிடித்தாலும் ஒரு மாதத்துக்கு ஒருவரோடு நில்லுங்கள். இரண்டு பேரின் திருத்தங்களை ஒரே கூடைப் பந்தில் கலந்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

காணொளி பார்ப்பதைவிடப் பயன் தருவது உங்கள் ஸ்விங்கைப் படம் பிடிப்பது. இதில்தான் அநேகர் கோட்டை விடுகிறார்கள். பின்பக்கக் கோணத்துக்குக் கைபேசியைக் கைகளின் உயரத்தில், கைகளின் நேருக்கு வைத்து, இலக்குக் கோட்டுக்கு இணையாகத் திருப்புங்கள். சற்று உள்ளேயோ வெளியேயோ நகர்ந்தாலே சரியான பாதையும் பிழையானதாகத் தெரியும், பிறகு இல்லாத நோய்க்கு மருந்து தேடுவீர்கள். முன்பக்கக் கோணத்துக்கு அதே உயரத்தில், உடம்புக்கு நேர் எதிரே. வேகம் விநாடிக்கு 240 படம், இல்லாவிட்டால் 120. நல்ல வெளிச்சம் வேண்டும், இருட்டினால் கிளப் தலை மங்கிப் போகும். கிளப்பின் தண்டான ஷாஃப்ட் வில்லாக வளைந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம், கமரா படத்தை வரிவரியாக வாசிப்பதால் வரும் கோளாறு அது. தரையில் இலக்கைக் காட்டும் கோடு வேண்டுமென்றால் விலை கூடிய குச்சி தேவையில்லை. ஹார்ட்வெயார் கடையில் வயர் இழுக்கும் பிவிசி பைப்பில் நான்கடி நறுக்கிக் கேளுங்கள். கணினியில் கோடு போட்டுப் பார்க்கக் கினோவியா என்ற இலவச மென்பொருள் போதும்.

பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டிங் காணொளிகளில் ஒரு குறை: இங்கிலாந்தில் எடுத்தவை புல் சாயும் திசையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வெப்ப நாட்டுப் புல்லில் அது பந்தின் வேகத்தையும் திருப்பத்தையும் மாற்றும். பார்க்கும் பக்கத்தில் புல் மினுங்கினால் சாய்வு உங்களை விட்டு அப்பால் போகிறது, பந்து வேகமாக ஓடும். மங்கலாக இருந்தால் எதிர்ச்சாய்வு, கூடத் தட்ட வேண்டும். பெர்முடா என்ற வெப்ப நாட்டுப் புல்லில் எடுத்த ஃபுளோரிடா, டெக்சஸ் காணொளிகளைத் தேடினால் இதற்கு விடை கிடைக்கும்.

தூரம் காட்டும் செயலிகளில் ஹோல்19, 18பேர்டீஸ் இரண்டுமே இலவசப் பதிப்பில் சமாளிக்கும். திறந்த வானத்தின் கீழ்கூடக் கைபேசி ஜிபிஎஸ் ஏறத்தாழ ஐந்து மீற்றர் பிசகலாம், அதாவது அரைக் கிளப் வித்தியாசம். குழியைச் சுற்றியுள்ள கிரீனின் நடுவுக்கு அடிப்பவருக்கு அது பெரிய விடயம் இல்லை. முன்கூட்டியே திட்டமிட கூகுள் ஏர்த்தின் அளவுகோலைக் கொண்டு முதல் அடி அடிக்கும் டீயில் இருந்து பன்கர் வரை யார்டில் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மைதானத்தில் பற்றரியும் மிஞ்சும்.

இந்தச் செயலிகள் காட்டும் ஹென்டிகெப்பை (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) போட்டிக்கு நம்பிப் போக வேண்டாம். 2020இல் வந்த உலக ஹென்டிகெப் முறையில், கழகம் மூலம் பதிவாகும் கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8இன் சராசரிதான் கணக்கு, உச்சம் 54.0. வேறு மைதானத்துக்குப் போனால் உங்கள் எண்ணை அங்குள்ள ஸ்லோப் ரேட்டிங்கால் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கூடுதல் கடினம் என்ற எண்) பெருக்கி 113ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்கில் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு எதிர்பார்க்கும் அடிகள்) இருந்து பாரை (மைதானத்துக்கு வகுத்த அடி எண்ணிக்கை) கழித்து வருவதைக் கூட்ட வேண்டும். 24.0 உள்ளவர் ஸ்லோப் 125, ரேட்டிங்கும் பாரும் சமமான இடத்தில் 27 அடிச் சலுகை பெறுவார்.

பார்த்து ரசிக்க அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியின் யூடியூப் பக்கம் தனிப் புதையல்: 1968 முதலான இறுதிச் சுற்று ஒளிபரப்புகள் அங்கே இருக்கின்றன. நேரடியாகப் பார்ப்பதென்றால் இறுதி நாள் முடிய நமக்குத் திங்கள் அதிகாலை நான்கு, நான்கரை ஆகிவிடும். பிரித்தானிய ஓபன் நமக்கு வசதி, இரவு பதினொரு மணியளவில் முடிந்துவிடும். என். தங்கராஜா, மிதுன் பெரேரா போன்ற நம் நாட்டவரைப் பின்தொடர விரும்புவோர் இந்தியத் தொழில்முறைத் தொடரான பிஜிடிஐயின் தளத்தில் ஸ்கோர் பார்க்கலாம்.

கட்டணச் செயலி எதையும் இலவச வாரத்தில் சோதித்தால் அன்றே நாட்காட்டியில் முடியும் திகதியைக் குறித்து வையுங்கள். செயலியை அழித்தால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரின் சந்தாப் பகுதிக்குள் போய் நிறுத்தினால்தான் அட்டையில் டொலர் கழிவது நிற்கும்.