புல்லட் மைல் மீட்டரை கிலோமீட்டருக்கு மாத்தணுமா? தெற்கு வெளி வீதி சந்துல இருக்க மீட்டர் கடைக்கு போங்க

மதுரைல பழைய பைக் வச்சிருக்கவங்களுக்காக எழுதுறேன், குறிப்பா மைல் கணக்குல ஓடுற ஸ்பீடா மீட்டர் மாட்டுன வண்டின்னா கண்டிப்பா படிங்க. தெற்கு வெளி வீதில இருந்து உள்ள போற ஒரு சந்துல பழைய மீட்டர் வேலை மட்டும் பாக்குற சின்ன கடை ஒண்ணு இருக்கு, போர்டெல்லாம் கிடையாது, அங்க ஸ்பேர்ஸ் கடைல மீட்டர் ரிப்பேர் பண்ற அண்ணன் எங்கன்னு கேட்டா கை காட்டுவாங்க.

எங்க மாமனாரோட புல்லட்ல எப்பவோ மாட்டுன ஸ்மித்ஸ் கம்பெனி மைல் மீட்டர் இருக்கு. முள்ளு 40ல நின்னா வண்டி போறது 64 கிலோமீட்டர் வேகம், 50ன்னா 80. நாலு வழிச்சாலைல பைக்குக்கு 80தான் உச்சம்னு 2018ல மத்திய அரசு அறிவிச்சிருக்கு, அப்ப இந்த மீட்டர்ல 50ஐ தொட்டாலே எல்லைக்கு வந்தாச்சு. மாமா அந்த காலத்து ஆளு, மனசுக்குள்ளயே எட்டால பெருக்கி அஞ்சால வகுத்துக்குவாரு, அது நல்ல கணக்குதான், ஒரு மைல்ங்கிறது 1.609344 கிலோமீட்டர், 100 மைலுக்கு கூட ஒரு கிலோமீட்டர் பிசகாது. ஆனா வண்டிய மச்சான் எடுக்குறான், தம்பி எடுக்குறான், அவங்க ஓட்டிக்கிட்டே கணக்கு போடுவாங்கன்னு நம்பி வண்டிய குடுக்க முடியுமா?

வேகம் கூட பரவால்லங்க, பெரிய குழப்பமே கீழ மொத்தம் ஓடுன தூரத்த எண்ணுற ஓடோ மீட்டர்லதான். 3000 கிலோமீட்டருக்கு ஒருக்கா ஆயில் மாத்தணும்னு வச்சிருக்கோம், மீட்டர்ல 3000 வந்ததும் மாத்துனா வண்டி நெசமா ஓடுனது 4828 கிலோமீட்டர். லிட்டருக்கு 35 குடுக்குற வண்டி மீட்டர பாத்தா 22 கூட குடுக்கலன்னு தெரியும், உடனே கார்புரேட்டர கழட்ட ஆள் தேடுவாங்க.

இத நான் விசாரிச்ச மத்த இடத்துல யாருமே கண்டுக்கல, கிலோமீட்டர் நம்பர் போட்ட ஸ்டிக்கர டயல் மேல ஒட்டித் தர்றோம் 300 ரூவா குடுங்கன்றாங்க. வேகத்துக்கு அது போதும், ஏன்னா உள்ள காந்தம் சுத்துது, அது பக்கத்துல இருக்க அலுமினிய கப்ப இழுக்குது, ஒரு மெல்லிசு ஸ்பிரிங் அத பிடிச்சு நிறுத்துது, முள்ளு நிக்கிற இடத்துல சரியான நம்பர் இருந்தா வேலை முடிஞ்சது. ஓடோ அப்படி இல்ல, அது பல்சக்கரம் வச்சு எண்ணுறது, மேல என்ன ஸ்டிக்கர் ஒட்டுனாலும் அது பாட்டுக்கு மைலத்தான் எண்ணிக்கிட்டு இருக்கும்.

இந்த கடை அண்ணன் மீட்டர கைல வாங்குனதுமே டயல் அடில பொடியா 1600ன்னு போட்டிருக்கத காட்டுனாப்ல. "இது மைலுக்கு கேபிள் 1600 சுத்து சுத்துற மீட்டர் தம்பி, கிலோமீட்டர் மீட்டர்னா 1000 இருக்கும், நீங்க கேக்குறது டயலா இல்ல ஓடோவும் சேத்தா?"ன்னு கேட்டாப்ல. அந்த ஒரு கேள்விலயே எனக்கு முடிவாகிருச்சு. ரெண்டும் சேத்துதாண்ணேன்னு சொல்லிட்டேன்.

1600 சுத்த 1.609ஆல வகுத்தா கிலோமீட்டருக்கு 994 சுத்து வருது, 1000க்கு ரொம்ப கிட்ட. அதனால முன்வீல்ல கேபிள சுத்த வைக்கிற வார்ம் பல்சக்கரம், கேபிள் எதையும் தொட வேண்டியதில்ல, 1000 போட்ட பழைய மீட்டர்ல இருந்து ஓடோ பல்சக்கரத்த எடுத்து இதுல போட்டா போதும். 1000 கிலோமீட்டர் ஓடுனா 994ன்னு காட்டும், அத அண்ணனே முன்னாடியே சொல்லிட்டாப்ல, ஒளிக்கல. டயலையும் ஸ்டிக்கரா ஒட்டாம பழச சுரண்டி புதுசா பிரிண்ட் பண்ணித்தான் போட்டாப்ல.

எனக்கு ரொம்ப பிடிச்சது அவரு டெஸ்ட் பண்ண விதம். பெஞ்ச் மேல வேகத்த கூட்டி குறைக்கிற மாதிரி ஒரு சின்ன மோட்டார், அதுல கேபிள சொருகி, ஆர்பிஎம், அதாவது நிமிசத்துக்கு எத்தன சுத்துன்னு பாக்குற மிஷின பக்கத்துல வச்சுக்கிட்டாப்ல. கிலோமீட்டருக்கு 1000 சுத்துன்னா நிமிசத்துக்கு 1000 சுத்துல ஒரு கிலோமீட்டர் போகுது, அதாவது மணிக்கு 60. மோட்டார் 1000க்கு வந்தப்ப முள்ளு 63ல நின்னுச்சு, கழட்டி ஸ்பிரிங்க ஒரு துளி இறுக்கி மறுபடி மாட்டுனாப்ல, 60ல வந்து அசையாம நின்னுச்சு, அப்பறம் 500ல 30, 1500ல 90ன்னு வரிசையா பாத்துட்டுத்தான் மீட்டர் கண்ணாடிய சுத்தி இருக்க ரிம்மயே மூடுனாப்ல. இம்புட்டு பொறுமையா ஒரு பழைய மீட்டருக்கு வேலை பாக்குறவங்க இப்ப எத்தன பேரு இருக்காங்க சொல்லுங்க.

நானும் மேலூர் ரோட்ல ஒத்தக்கடை தாண்டி யானைமலை ஓரமா ஓட்டிப் பாத்தேன். முள்ள 60லயே பிடிச்சுக்கிட்டு கிலோமீட்டர் கல்லுக்கு கல்லு நேரம் பாத்தா 60 செகண்ட் வரணும், 61 வந்துச்சு, போன் ஜிபிஎஸ்ல வேகம் 59. மீட்டர் ஒரு பொட்டு கூட்டிக் காட்டுறது நல்லதுதான், ஐரோப்பா விதிப்படி மீட்டர் உண்மை வேகத்த விட கம்மியா காட்டவே கூடாது. நீங்க போன்ல செக் பண்ணீங்கன்னா ஆப் செட்டிங்ஸ்ல கிலோமீட்டர்தான் இருக்கான்னு மொதல்ல பாத்துக்கங்க, சில ஆப்ல மைல்தான் மொதல்ல வருது.

குறைன்னு பாத்தா, ரிம்ம நெம்பி மடக்குன தடம் ஒரு பக்கம் தெரியுது. டயல் வெள்ளையும் பழைய வெள்ளை இல்ல, கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கு, வண்டிய ஒரிஜினலாவே வச்சிருக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு அது உறுத்தும். பல்சக்கரம் கிடைக்கணும்னு நாள் இழுத்துருச்சு, அதுவரைக்கும் மீட்டர் இல்லாமத்தான் ஓட்டணும். பில் கிடையாது, துண்டுச்சீட்டுதான். மொத்தம் 1800 ரூவா ஆச்சு, ஸ்டிக்கரோட பாத்தா ஜாஸ்திதான், ஆனா நான் தயங்காம குடுப்பேன்.

போறவங்க மீட்டரோட கேபிளையும் கழட்டி எடுத்துட்டு போங்க, நுனி தேஞ்சிருந்தா முள்ளு ஆடும், அதையும் அங்கனயே பாத்துருவாப்ல. பழைய ஓடோ ரீடிங்க ஒரு போட்டோ எடுத்து, எந்த தேதில மாத்துனதுன்னு எழுதி ஆர்சி புக்கோட வைங்க, வண்டிய விக்கும்போது வாங்குறவருக்கு அதுவரைக்கும் ஓடுனது மைல்னு சொல்லணும்ல. சந்துல வண்டி நிறுத்த இடமில்ல, ஞாயித்துக்கிழம லீவு.