எம்.ஆர்.சி. நகரா, பெசன்ட் நகரா?

சென்னையில் கடல் பக்கம் தாராளமான பட்ஜெட்டில் வீடு தேடும் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

எம்.ஆர்.சி. நகரில் உயரமான கட்டடங்கள். மேல் மாடி பால்கனியில் நின்றால் கிழக்கே கடல், தெற்கே அடையாறு முகத்துவாரம். அந்தக் காட்சிக்கு ஈடில்லை. நீச்சல் குளம், ஜிம், ஜெனரேட்டர், அதற்கேற்ற பராமரிப்புக் கட்டணம்.

பெசன்ட் நகரில் பெரும்பாலும் சில மாடிகளே. மாடிக்கு ஒன்றிரண்டு வீடுகள். கடல் தெரியாமல் போகலாம், ஆனால் எலியட்ஸ் பீச்சுக்கு நடந்தே போகலாம். ஞாயிறு மாலை பார்க்கிங் தொல்லை உண்டு. முக்கியமானது யூ.டி.எஸ், அதாவது வீட்டோடு சேர்ந்து வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு: குறைந்த வீடுகள் என்பதால் நிலத்தில் உங்கள் பங்கு அதிகம். நாளை இடித்துக் கட்டும்போது அதுதான் பேசும்.

உப்புக்காற்று இரண்டுக்கும் பொது. பழைய வீடு பார்க்கப் போனால் ஏசி அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். உப்பு அரித்திருந்தால் அலுமினியத் தகடு பொடியாக உதிரும். ஜன்னல் கீல், பால்கனி கம்பி, அப்புறம் சன்ஷேடில் கம்பி துருத்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

குடும்பத்தோடு நீண்ட நாள் இருக்கப் போகிறவர்களுக்கு நான் பெசன்ட் நகரையே சொல்வேன். பூட்டிவிட்டு அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு எம்.ஆர்.சி. நகர் சரி.