ஸ்னாப்சீட்: கொலுசும் ஏற்காட்டுப் பனியும் படமெடுப்பவர்களுக்கு

ஏற்காடு ஏரியை எத்தனையோ பேர் படமெடுத்து இணையத்தில் போடுகிறார்கள். பெயரைப் பார்க்காமலே ‘இது இவங்க படம்’ என்று சொல்ல வைப்பது, ஒளியையும் நிறத்தையும் அவர்கள் கையாளும் விதம்தான். அந்தக் கைவாகு பழக, கூகுளின் ஸ்னாப்சீட் என்ற படத்திருத்தச் செயலி தாராளமாகப் போதும். காசு இல்லை, படத்தின் மேல் முத்திரையும் விழாது.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையின் வெள்ளிக் கொலுசையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வெள்ளி பித்தளை மாதிரித் தெரியும். நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் கருவியில், எது வெள்ளை என்று தொட்டுக்காட்டும் சொட்டுக்குழாய்க் குறியைப் பலரும் வெள்ளியின் மேலேயே வைக்கிறார்கள். அங்கேதான் கெடுகிறது. வெள்ளி கண்ணாடி மாதிரி. பச்சைச் சுவரையும், எடுப்பவரின் சிவப்புச் சட்டையையும் அப்படியே காட்டும். செயலி அந்த நிறத்தை வெள்ளையாக்கப் பார்த்து, படம் முழுவதையும் எதிர்நிறத்துக்குத் தள்ளிவிடும். கொலுசுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளைத் தாள் வைத்து எடுங்கள், குறியைத் தாளில் வையுங்கள், கடைசியில் கிராப்பில் தாளை வெட்டிவிடுங்கள். கறுப்புத் துணி விரித்திருந்தால், எடுக்கும்போதே போனில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். சலங்கையின் மேல் வெளுத்துப்போன திட்டை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. டீடெயில்ஸ் கருவியில், நுணுக்கங்களை எடுப்பாக்கும் ஸ்ட்ரக்சர் 15 போதும். 30 தாண்டினால் வெள்ளி சொரசொரப்பாகிவிடும்.

ஏற்காட்டின் பகோடா பாயின்ட் பனிக்குக் கணக்கு நேர்மாறு. வெள்ளைப் பனியைக் கேமரா சாம்பலாக்கிவிடும், அதனால் வெளிச்சத்தைக் கூட்டி எடுக்க வேண்டும். இருள், வெளிச்ச விவரங்களைத் தூக்கிக்காட்டும் எச்டிஆர் ஸ்கேப் பக்கமே போகாதீர்கள், பனி அழுக்குப் பஞ்சாகிவிடும். செலக்டிவ் கருவியில் கிட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் மேல் புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைச் சுருக்கி, கான்ட்ராஸ்டை மட்டும் 20 ஏற்றினால் மரம் முன்னால் வரும், பின்னால் பனி மென்மையாகவே இருக்கும். மின்கம்பியை ஹீலிங்கில் அழிக்கலாம். வானத்தில் சுத்தமாகப் போகும். இலைகளைக் கடக்கும் இடத்தில் குழம்பும், அங்கே பெரிதாக்கி இத்தனூண்டு இத்தனூண்டாகத் தேய்க்க வேண்டும்.

இந்தச் செயலியின் உயிர், சொந்த ‘லுக்’கை, அதாவது செய்த திருத்தங்களின் தொகுப்பை, மற்ற படங்களுக்கும் போடச் சேமிக்கும் வசதி. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல்பு மஞ்சளைப் போக்கச் செய்த திருத்தத்தையும் லுக்கில் சேர்த்துவிட்டால், அடுத்த நாள் வெயிலில் எடுத்த படம் நீலம் பாரிக்கும். முதலில் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அந்தப் பிரதியைத் திறந்து, உங்கள் ரசனைக்கான கர்வ்ஸ் (ஒளியை வளைகோட்டால் மாற்றுவது), லேசான கிரெயின் (பழைய ஃபிலிம் மாதிரிப் பொடிப்புள்ளிகள்) இவற்றை மட்டும் போட்டு லுக்காகச் சேமியுங்கள். இரண்டு முறை எக்ஸ்போர்ட் ஆவதால், அமைப்புகளில் ஜேபிஜி தரத்தை 100-இல் வைத்துக்கொள்வது நல்லது. கொலுசுக்கும் பனிக்கும் ஒரே லுக் பொருந்தாது. தனித்தனியாக இரண்டு செய்துகொள்ளுங்கள்.

பெரிய குறை, படத்தின் மேல் போடும் தமிழ் எழுத்து. டெக்ஸ்ட் கருவியில் நமக்குப் பிடித்த எழுத்துருவைச் சேர்க்க வழியில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் கேட்டமரன், முக்தா மலர், கவிவனார் மூன்றும் இலவசம். பதிவிறக்கி, எழுத்துரு சேர்க்க இடம்தரும் பிக்சல்லேப் போன்ற செயலியில் எழுதிக்கொள்ளலாம். சின்ன அளவில் பெயர் போட முக்தா மலர்தான் தெளிவு. கவிவனாரைப் பெரிய தலைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், சிறுத்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.