ஜாப்ளினோடு நான்கு வருடம்: என் குறிப்புகளை வேறு யார் படிக்க முடியும்?

முன்பு குறிப்பு எழுத வைத்திருந்த ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதில் ஒரு குறிப்புக்குத் தனியாகப் பூட்டு போடலாம், விரல் வைத்தால்தான் திறக்கும். அதை நம்பி பாஸ்போர்ட் எண், காப்பீட்டு விவரம், அம்மாவின் மருத்துவ அறிக்கை, யாருக்கு எவ்வளவு கைமாற்று கொடுத்தேன் என்ற கணக்கு என்று எல்லாவற்றையும் அதில் கொட்டி வைத்திருந்தேன். போன் மாற்றும்போது மொத்தத்தையும் எக்ஸ்போர்ட் செய்தேன். ஒரு ஜிப் ஃபைல் வந்தது. கணினியில் பிரித்துப் பார்த்தால், பூட்டிய குறிப்புகளும் பூட்டாத குறிப்புகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தன. பாஸ்வேர்டும் கேட்கவில்லை, விரலும் கேட்கவில்லை. பூட்டு திரையில்தான் இருந்தது, குறிப்பில் இல்லை.

அந்தக் கோபத்தில்தான் ஜாப்ளின் என்ற இன்னொரு குறிப்பு ஆப்புக்கு வந்தேன். நான்கு வருடம் ஆகிவிட்டது. எடுத்த எடுப்பில் எனக்குப் பிடித்தது, கணக்கு தொடங்கச் சொல்லி அது வற்புறுத்தாதது. இன்ஸ்டால் செய்த கையோடு எழுத ஆரம்பிக்கலாம். குறிப்புகள் போனிலேயே இருக்கும். இன்னொரு கருவியிலும் வேண்டுமென்றால் நாமாக சிங்க் அமைத்துக்கொள்ள வேண்டும்: டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட், அல்லது அவர்களுடைய ஜாப்ளின் கிளவுட். ஆப்பின் மூல நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கிறது. நான் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆள் இல்லை. ஆனாலும் படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கலாம் என்பது ஒரு தைரியம்.

'எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் உண்டு' என்று அறிமுகத்தில் படித்திருந்தேன். அதாவது குறிப்பு நம் கருவியிலேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே போகும், திறக்கும் சாவி நம்மிடம் மட்டும். உண்டு என்றால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஆறு மாதம் அப்படியே போனது.

ஒருநாள் கிளவுடில் இடம் போதவில்லை என்று பிரவுசர் வழியாக உள்ளே போய் வேண்டாதவற்றை அழித்துக்கொண்டிருந்தபோது ஜாப்ளினின் ஃபோல்டர் கண்ணில் பட்டது. எழுத்தும் எண்ணும் கலந்து 32 எழுத்து நீளத்தில் பெயர்கள், நூற்றுக்கணக்கான ஃபைல்கள். பார்க்கக் குழப்பமாகத்தான் இருந்தது. சும்மா ஒன்றைச் சொடுக்கினேன். மேலே தலைப்பு: 'அம்மா, ரத்தப் பரிசோதனை'. கீழே எண்கள் எல்லாம் நான் எழுதியது எழுதியபடி. அதற்கும் கீழே ஆப் தானாகச் சேர்த்த வரிகள்: உருவாக்கிய நேரம், கடைசியாகத் திருத்திய நேரம், அப்புறம் அட்சரேகை, தீர்க்கரேகை. இருப்பிடத்தைக் குறிப்போடு சேமிக்கும் வசதி என் போனில் ஆனில் இருந்திருக்கிறது. எந்த ஆய்வகத்தில் உட்கார்ந்து அதை எழுதினேன் என்பதை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டிவிடலாம்.

தப்பு ஆப்புடையது இல்லை. என்கிரிப்ஷனை நாமாகத்தான் ஆன் செய்ய வேண்டும் என்று அவர்களுடைய வழிகாட்டியிலேயே இருக்கிறது. நான் படிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொடுக்கு, அதற்கு முன் படித்த எல்லா பிரைவசி பாலிசிகளையும் விட அதிகம் சொல்லிக் கொடுத்தது. அதுவரை என் குறிப்புகளை என் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். அன்றுதான் அவற்றை வைத்திருப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

'உங்கள் தரவு என்கிரிப்ட் செய்யப்படுகிறது' என்று எல்லா ஆப்பும்தான் சொல்கிறது. பொய் இல்லை. போனிலிருந்து சர்வருக்குப் போகும் வழியில் என்கிரிப்ட் ஆகும், சர்வரின் டிஸ்கிலும் என்கிரிப்ட் ஆகியிருக்கும். சாவி மட்டும் பெரும்பாலும் அவர்களிடம். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று கொடுத்து, மெயிலில் வரும் லிங்கில் புது பாஸ்வேர்டு வைத்து, வேறு ஒரு புதுக் கருவியில் உள்ளே போய்ப் பாருங்கள். வேறெதுவும் கேட்காமல் பழைய குறிப்புகள் எல்லாம் அப்படியே திறந்தால், அவற்றைத் திறக்கும் சாவி அந்த நிறுவனத்திடமும் இருக்கிறது. 2016 டிசம்பரில் எவர்நோட் என்ற குறிப்பு ஆப்பின் நிறுவனம் தன் பிரைவசி பாலிசியை மாற்றப்போவதாக அறிவித்தது. இயந்திரக் கற்றல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, சில குறிப்புகளை ஊழியர்கள் படிக்க நேரலாம் என்றது. பயனர்கள் கொதித்தார்கள், சில நாட்களிலேயே நிறுவனம் பின்வாங்கியது. பின்வாங்கியது நல்லதுதான். படிக்க நினைத்தால் படிக்க முடியும் என்ற நிலை மட்டும் அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது.

சரி, ஜாப்ளினில் என்கிரிப்ஷனை ஆன் செய்தேன். அங்கேயும் அவசரம். போனில் ஆன் செய்து, சாவியைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்தேன். அது சிங்க் ஆகி முடிவதற்குள் லேப்டாப்பிலும் போய் ஆன் செய்தேன். இரண்டு கருவியும் ஆளுக்கொரு சாவியை உருவாக்கிக்கொண்டன. போனில் பாதிக் குறிப்புகளுக்குத் தலைப்பே இல்லை. ஒரு சாவிப் படமும் 'என்கிரிப்டட்' என்ற சொல்லும் மட்டும் வரிசையாக நின்றன. வயிறு கலங்கிவிட்டது. நல்லவேளை, இரண்டு பாஸ்வேர்டும் நினைவில் இருந்தன. இரண்டையும் கொடுத்ததும் ஒவ்வொன்றாகத் தலைப்புகள் திரும்பின. ஒரு கருவியில் மட்டும் ஆன் செய்யுங்கள். அது முழுக்க சிங்க் ஆகும்வரை காத்திருங்கள். மற்றக் கருவிகள் தாமாகவே பாஸ்வேர்டு கேட்கும். நிறையப் படம் இணைத்திருந்தால் காத்திருப்பு நீளும்.

பிறகு மறுபடியும் பிரவுசரில் போய் அதே ஃபைலைத் திறந்தேன். அம்மாவின் பெயரும் இல்லை, எண்களும் இல்லை. 'ஜேஇடி01' என்று ஆரம்பித்துத் திரை நிறைய அர்த்தமில்லாத எழுத்துகள். இருப்பிடமும் அந்த மூட்டைக்குள்ளேயே போய்விட்டது. வெளியே மிச்சம் இருந்தது குறிப்பின் அடையாள எண், எந்த நோட்புக்கைச் சேர்ந்தது என்பதன் அடையாள எண், கடைசியாக மாறிய நேரம். என்ன எழுதினேன் என்பது தெரியாது, எப்போது எழுதினேன் என்பது தெரியும். எனக்கு இது போதும். இதுவும் தெரியக்கூடாத நிலையில் இருப்பவர்கள் சிங்க் இல்லாமலே பயன்படுத்துவது நல்லது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கிளவுட் சேவைகள் ஃபைலின் பழைய பதிப்புகளைச் சில காலம் வைத்திருக்கும். அதாவது நேற்றுவரை இருந்த பூட்டாத பிரதி, 'முந்தைய பதிப்பு' என்ற பெயரில் அங்கேயே கிடந்தது. அவற்றையும் தேடி அழிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

கிளவுட் பக்கம் இப்படி. போன் பக்கம் கதை வேறு. போனுக்குள் ஜாப்ளின் குறிப்புகளைத் திறந்த நிலையில்தான் வைத்திருக்கிறது. விரல் ரேகை கேட்கும் வசதி ஆப்பில் உண்டு, நானும் வைத்திருக்கிறேன், ஆனால் அது வாசல் கதவு மட்டும்தான். உண்மையான காவல் போனுடைய சொந்த என்கிரிப்ஷனும், நான் வைத்திருக்கும் திரைப் பூட்டும். நாலு இலக்கப் பின்னை விட்டுவிட்டு நீளமான பாஸ்வேர்டுக்கு மாறியது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான். இதில் ஒரு லாபமும் உண்டு. மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்துபோனாலும், ஏற்கெனவே திறந்த பிரதி இருக்கும் கருவி கையில் இருந்தால் குறிப்புகள் பிழைக்கும். எல்லாக் கருவியும் போய், பாஸ்வேர்டும் மறந்தால் கதை முடிந்தது. யாருக்கு மெயில் போட்டும் பயனில்லை.

அழிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு அவசரத்தில் வங்கி பின் நம்பரை ஒரு குறிப்பில் தட்டிவிட்டு, வேலை முடிந்ததும் அந்த வரியை அழித்துவிட்டேன். சில வாரம் கழித்து வேறு எதற்கோ அந்தக் குறிப்பின் பழைய பதிப்புகளைப் புரட்டினால் பின் நம்பர் பத்திரமாக இருக்கிறது! மாற்றங்களை 90 நாள் வைத்திருப்பது இயல்பான அமைப்பு. செட்டிங்ஸில் குறைத்துக்கொள்ளலாம். தவறி அழித்த வரிகளை மீட்க அந்த வரலாறு எனக்கு இரண்டு முறை கைகொடுத்திருப்பதால், குறைக்க மனம் வரவில்லை. அதற்குப் பதில் பின், பாஸ்வேர்டு வகையறாக்களை மொத்தமாக ஒரு பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாற்றிவிட்டேன். குறிப்பு எழுதும் ஆப் அதற்கான இடமில்லை, எந்த ஆப்பாக இருந்தாலும்.

மற்றபடி அன்றாட உபயோகத்தில் பெரிய குறை இல்லை. போனில் ஆப்பைத் திறந்த பிறகுதான் சிங்க் ஆகும், அதற்குப் பழகிவிட்டேன். ஒரே குறிப்பை இரண்டு இடத்தில் திருத்தினால் 'கான்ஃப்ளிக்ட்ஸ்' என்ற நோட்புக்கில் ஒரு பிரதி விழும். எரிச்சல்தான், ஆனால் எதுவும் காணாமல் போனதில்லை. பேக்கப் எடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். ஜெக்ஸ் என்ற வடிவத்தில் எடுக்கும் பிரதி என்கிரிப்ட் ஆகாது. பழைய ஆப்பின் ஜிப் மாதிரியேதான், யார் கையில் கிடைத்தாலும் படிக்கலாம். என்கிரிப்ட் செய்த ஒரு டிஸ்கில் மட்டும் அதை வைக்கிறேன்.

மாஸ்டர் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். 'இதுக்குள்ள என்ன இருக்கு?' என்று கேட்டாள். எனக்கு ஏதாவது ஆனால் திறந்து பார் என்றேன். போன மாதம் பாஸ்வேர்டை மாற்றினேன். உறையை இன்னும் மாற்றவில்லை.