21 பேர், 3 வேட்பாளர்கள், 3 வெற்றியாளர்கள்

தேர்தலில் யார் ஜெயிக்கிறார் என்பது ஓட்டுப் போடுகிறவர்கள் கையில் மட்டும் இல்லை, எண்ணும் முறையின் கையிலும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் இந்தச் சின்னக் கணக்கைப் பாருங்கள்.

ஒரு சங்கம், 21 உறுப்பினர்கள். தலைவர் பதவிக்கு மூன்று பேர் போட்டி. சேமிப்பில் கையே வைக்கக் கூடாது என்பவர் சிக்கனக்காரர். மொத்தத்தையும் இந்த வருடமே செலவழிப்போம் என்பவர் செலவாளி. பாதியை எடுப்போம், பாதி இருக்கட்டும் என்பவர் சமரசக்காரர். 9 பேருக்குச் சிக்கனக்காரர் முதல், சமரசக்காரர் இரண்டாவது. 7 பேருக்குச் செலவாளி முதல், சமரசக்காரர் இரண்டாவது. மீதி 5 பேருக்குச் சமரசக்காரர் முதல், செலவாளி இரண்டாவது.

ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் 9 வாங்கிய சிக்கனக்காரர்தான் தலைவர். 12 பேர் அவரைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள், ஆனால் அது எந்தச் சீட்டிலும் பதிவாகாது. இரண்டே பேர் நிற்கும் தேர்தலுக்கு இந்த முறை தாராளமாகப் போதும். மூன்றாவது ஆள் வந்ததுமே "நீ நின்றால் ஓட்டுப் பிரியும், வாபஸ் வாங்கு" என்ற பஞ்சாயத்து தொடங்கிவிடும்.

அதற்கு மருந்தாகப் பலரும் சொல்வது விருப்ப வரிசை. சீட்டில் 1, 2, 3 என்று எழுத வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் விருப்பம் குறைவாக வாங்கியவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் கீழவைக்கு 1918 முதல் இந்த முறைதான். நம் கணக்கில் 5 மட்டுமே வாங்கிய சமரசக்காரர் வெளியேற, அந்த 5 சீட்டும் செலவாளிக்குப் போகும். 12க்கு 9. தலைவர் மாறிவிட்டார்!

இப்போது வேறு மாதிரி பார்ப்போம். சமரசக்காரரும் சிக்கனக்காரரும் மட்டும் மோதினால் 12க்கு 9 என்று சமரசக்காரர் ஜெயிப்பார். செலவாளியோடு மோதினால் 14க்கு 7. இரண்டு பேரையும் தோற்கடிக்கக்கூடியவர் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போய்விட்டார். இது நிஜத்திலும் நடந்திருக்கிறது. 2009இல் அமெரிக்காவின் பர்லிங்டன் நகர மேயர் தேர்தலில் முதல் சுற்றில் முந்திய கர்ட் ரைட் கடைசிச் சுற்றில் தோற்று, பாப் கிஸ் ஜெயித்தார். பிறகு சீட்டுகளை அலசியபோது, அதற்கு முந்தைய சுற்றில் நீக்கப்பட்ட ஆன்டி மான்ட்ரோல் இந்த இருவரையும் தனித்தனியே வென்றிருப்பார் என்று தெரிந்தது. 2010இல் அந்த நகரம் விருப்ப வரிசை முறையையே அப்போதைக்குத் தூக்கிப் போட்டுவிட்டது.

எல்லோரையும் ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு, எல்லா மோதலிலும் ஜெயிப்பவரே வெற்றியாளர் என்று சொன்னவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் கான்டார்செ. 1785இல் எழுதினார். சீட்டு அதே 1, 2, 3 சீட்டுதான், எண்ணுவது மட்டும் வேறு. டெபியன் மென்பொருள் திட்டம் தன் தலைவரை இந்த வழியில் வந்த ஷுல்ட்சே முறையில் தேர்ந்தெடுக்கிறது. கூடவே "மேலே உள்ள யாரும் வேண்டாம்" என்பதையும் ஒரு வேட்பாளர் போலச் சீட்டில் வைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. குறை என்றால், முதலாமவர் இரண்டாமவரையும், இரண்டாமவர் மூன்றாமவரையும், மூன்றாமவர் முதலாமவரையும் வெல்லும் சுழல் வரலாம். அதை அவிழ்க்கத் தனி விதி வேண்டும். 8 பேர் நின்றால் 28 மோதல். கையால் எண்ணினால் விடிந்துவிடும்.

கான்டார்செ காலத்து இன்னொரு பிரெஞ்சுக்காரரான போர்டாவின் புள்ளி முறையில் முதல் இடத்துக்கு 2, இரண்டாவதற்கு 1 என்று கூட்டினால் சமரசக்காரர் 26, செலவாளி 19, சிக்கனக்காரர் 18. சரி, நல்ல முடிவுதானே? ஆனால் சிக்கனக்காரரின் 9 பேரும் சாமர்த்தியமாக சமரசக்காரரைக் கடைசியில் தள்ளி, செலவாளியை இரண்டாவதாக எழுதினால் என்ன ஆகும்? செலவாளிக்கு 28, சிக்கனக்காரருக்கு அதே 18, சமரசக்காரருக்கு 17. யார் வரவே கூடாது என்று நினைத்தார்களோ, அவரையே நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். தன் முறை நேர்மையானவர்களுக்குத்தான் என்று போர்டாவே சொன்னதாகச் சொல்வார்கள். கோஷ்டி உள்ள இடத்தில் இதை நான் தொடமாட்டேன்.

கையால் எண்ணும் சிறிய அமைப்புக்கு என் சிபாரிசு டிக் முறை. ஏற்றுக்கொள்ளக்கூடிய எல்லோருக்கும் டிக் போடலாம், அதிக டிக் வாங்கியவர் ஜெயிப்பார். மற்றவர்கள் தங்கள் முதல் விருப்பத்துக்கு மட்டும் டிக் போட்டாலும், எதிரணிகளின் 16 பேரில் 5 பேர் சமரசக்காரருக்கும் ஒரு டிக் சேர்த்தால் அவர் 10க்கு 9 என்று வந்துவிடுவார். அந்த 5 பேர் சேர்க்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. இதைச் சில காலம் வைத்திருந்து 2002இல் கைவிட்டது. ஆளுக்கு ஒரு டிக்கோடு நிறுத்திக்கொண்டால் இது பழைய ஒற்றை ஓட்டேதான்.

நிர்வாகக் குழு என்றால் கதையே வேறு. 5 இடம், ஆளுக்கு 5 ஓட்டு என்று வைத்து, ஒவ்வொரு அணியும் 5 பேரை நிறுத்தி ஒட்டுமொத்தமாகக் குத்தினால், சிக்கன அணியின் 9 பேர் ஐந்து இடங்களையும் அள்ளிவிடுவார்கள். மற்ற 12 பேருக்கு ஒன்றுமில்லை. நான் பார்த்த சங்கப் பிளவுகளில் பாதி இங்கேதான் தொடங்கின. மாற்றத்தக்க ஒற்றை ஓட்டு முறையில் ஆளுக்கு ஒரே ஓட்டு, சீட்டில் விருப்ப வரிசை. 21 ஓட்டில் ஆறு பேருக்குத் தலா 4 கிடைக்காது, அதனால் ஓர் இடத்துக்கு 4 ஓட்டு போதும். உபரி ஓட்டும் நீக்கப்பட்டவரின் ஓட்டும் அடுத்த விருப்பத்துக்குப் போகும். அணிகள் சிதறாமல் வரிசை எழுதினால் சிக்கனத்துக்கு 2, செலவுக்கு 2, சமரசத்துக்கு 1. எண்ணச் சிரமம்தான், ஆனால் குழுவுக்கு இதைத் தவிர வேறெதையும் சொல்ல எனக்கு மனசு வராது.

எதை எடுத்தாலும் சமநிலைக்கும் செல்லாத ஓட்டுக்குமான விதியை வேட்புமனு தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். ஒருமுறை எண்ணும் மேசையில் 1, 1, 3 என்று எழுதிய சீட்டு ஒன்று வந்தது. செல்லுமா செல்லாதா என்று எந்த விதியிலும் இல்லை. அதுவரை வந்த வித்தியாசம் ஒரே ஒரு ஓட்டு. டீ இரண்டு முறை வந்து ஆறிப் போனது. சீட்டு மட்டும் மேசை நடுவிலேயே கிடந்தது.