மைலோமா எலும்புக்கு ஃபோட்டான் கவுண்டிங் சி.டி.: எதற்கு உதவும், எங்கே சொதப்பும்

எலும்பு மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோயான மல்டிபிள் மைலோமாவில் எலும்பைக் கரைக்கும் செல்கள் முடுக்கிவிடப்படுகின்றன, கட்டும் செல்கள் அடக்கப்படுகின்றன. அதனால் அரித்த ஓட்டையைச் சுற்றிப் புது எலும்பு பூசிக்கொள்வதில்லை. புது எலும்பு உருவாகும் இடத்தைத் தேடும் போன் ஸ்கேன் இந்த நோயில் ஏமாற்றுவதும் இதனால்தான். சாதாரண எக்ஸ்ரேயோ, பஞ்சு எலும்பில் மூன்றில் ஒரு பங்காவது போன பிறகுதான் எதையாவது காட்டும். 2014-இல் சர்வதேச மைலோமா பணிக்குழு வகுத்த விதிப்படி, நோய் உறுதியானவருக்கு சி.டி.யில் 5 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தாலே சிகிச்சை தொடங்கக் காரணம் போதும். அந்த 5 மில்லிமீட்டரைத் தவறவிடாமல் பிடிப்பதுதான் ஸ்கேனின் வேலை.

இதற்கு வழக்கமாக எடுப்பது, உச்சந்தலை முதல் முழங்கால் வரை குறைந்த கதிர்வீச்சு சி.டி. படத்தைத் துலக்கிக் காட்டும் மருந்தான காண்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை; சிறுநீரகம் தளர்ந்திருக்கும் மைலோமா நோயாளிக்கு அதுவே பெரிய நிம்மதி. 120 கிலோவோல்ட், 50 முதல் 70 எம்.ஏ.எஸ். (எக்ஸ்ரே குழாயின் மின்னோட்ட அளவு) வைத்து எடுத்தால் உடலில் சேரும் கதிர்வீச்சு ஏறத்தாழ 5 மில்லி சீவர்ட்டுக்குள் அடங்கும்.

ஃபோட்டான் கவுண்டிங் சி.டி. இங்கே என்ன கூடுதலாகத் தருகிறது? பழைய சி.டி.யில் எக்ஸ்ரேயை வாங்கும் டிடெக்டர் அதை முதலில் ஒளியாக்கி, பிறகு மின்சாரமாக்கும். ஒளி டிடெக்டரின் பக்கத்துச் சிற்றறைக்குக் கசியாமலிருக்க நடுவில் சுவர் வைப்பார்கள். சுவர் பிடிக்கும் இடம் வீண். 2021-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற சீமென்ஸ் நேயோடாம் ஆல்ஃபாவில் காட்மியம் டெல்லுரைடு படிகம் ஒவ்வொரு ஃபோட்டானையும் (எக்ஸ்ரே துகளையும்) நேரடியாக மின்துடிப்பாக்கி எண்ணுகிறது. குறிப்பிட்ட ஆற்றலுக்குக் கீழே வரும் துடிப்பு கணக்கிலேயே சேராது. கருவியின் சொந்த மின்னிரைச்சல் அங்கேயே கழிந்துவிடும். தோள்பட்டை, இடுப்பு போல எக்ஸ்ரே திணறி வெளிவரும் இடங்களில், அதுவும் குறைந்த கதிர்வீச்சில், இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மேயோ கிளினிக் குழு 2022-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஓட்டைகளும் மஜ்ஜைக்குள் இருக்கும் திட்டுகளும் பழைய டிடெக்டரைவிட இதில் தெளிவாகத் தெரிந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இயற்பியல் சொல்வதோடு ஒத்துப்போகிறது.

கருவியின் பெயரைவிட முக்கியம் அதை இயக்கும் விதம். 0.2 மில்லிமீட்டர் ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படத்தின் தடிமன்) என்று விளம்பரம் சொல்லும். உடல் முழுவதையும் 500 மில்லிமீட்டர் அகலப் படமாக 512 கட்டங்களில் அடைத்தால், ஒரு கட்டம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஸ்லைஸ் எவ்வளவு மெலிந்தாலும் பக்கவாட்டில் மங்கல்தான். 1024 கட்டமாக்கினால் ஒவ்வொரு படமும் நான்கு மடங்கு கனக்கும். ஒன்றரை மீட்டர் நீளத்தை 0.2-இல் வெட்டினால் 7,500 படங்கள். எந்த ரேடியாலஜிஸ்ட் பொறுமையாகப் புரட்டுவார்? முழு உடலுக்கு 1 மில்லிமீட்டர், சந்தேகமான முதுகெலும்புக்கு மட்டும் அதே ஸ்கேன் தரவிலிருந்து சிறிய பரப்பில் மெல்லிய படங்களை மறுபடி உருவாக்குவது (மறுஆக்கம்) என்பதே உருப்படியான வழி. எலும்புக்கான கூர்மை ஃபில்டரும், முதுகெலும்பின் பக்கவாட்டுத் தோற்றமும் கட்டாயம்.

படுக்க வைப்பதில்தான் அதிகம் சொதப்புகிறது. கைகளை உடம்போடு ஒட்டிப் போட்டால், குறுக்கே வரும் எக்ஸ்ரே இரண்டு கை எலும்பையும் முதுகெலும்பையும் ஒரே கோட்டில் துளைக்க வேண்டும். ஃபோட்டான் பஞ்சத்தில் கறுப்புக் கோடுகள் விழும். அவை ஓட்டை போலவே இருக்கும். கைகளைத் தலைக்கு மேல் தூக்கினால் எலும்பு வலி உள்ளவர் நடுங்குவார், மேல்கையும் படத்துக்கு வெளியே போகலாம். வயிற்றின் மேல் தலையணை வைத்து, முழங்கையை மடக்கி, கைகளை அதன்மேல் வைப்பதே சரி. முழங்கை படத்தின் ஓரத்தில் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரிப்போர்ட்டில் “பல ஓட்டைகள் உள்ளன” என்று ஒற்றை வரி இருந்தால் போதாது. பெரிய ஓட்டைகளின் அளவு, வெளிப்புறக் கெட்டி எலும்பு எவ்வளவு மெலிந்தது, முதுகெலும்பின் பின்சுவர் உடைந்ததா, எலும்புக்கு வெளியே கட்டி வளர்ந்ததா, இவை வேண்டும். தொடை எலும்பின் நடுக்குழியையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு அங்கே கொழுப்புதான் இருக்கும், சி.டி.யில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் மைனஸில் நிற்கும். அது பிளஸுக்கு ஏறித் திட்டாகத் தெரிந்தால் மஜ்ஜைக்குள் ஏதோ குடியேறியிருக்கிறது.

எவ்வளவு நவீன சி.டி.யாக இருந்தாலும் ஓட்டை உயிரோடிருக்கிறதா, மருந்தில் அடங்கிவிட்டதா என்று சொல்லாது. நோய் தணிந்த பிறகும் ஓட்டை பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். உயிரோடிருக்கிறதா என்று அறிய, சுறுசுறுப்பான புற்றுசெல்களை ஒளிரக் காட்டும் பெட் சி.டி. வேண்டும். மஜ்ஜை முழுக்கப் பரவி, எலும்பு இன்னும் அரிக்காத கட்டத்துக்கு எம்.ஆர்.ஐ.தான். பெட் சி.டி. ஏற்கெனவே எடுத்திருந்தால், அதிலுள்ள சி.டி. பகுதியை எலும்பு ஃபில்டரில் மறுஆக்கம் செய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள். பல நேரம் தனி ஸ்கேனே தேவைப்படாது.

ஃபோட்டான் கவுண்டிங் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். முறையாக எடுத்த சாதாரணக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. பெரும்பாலும் போதும். எதில் எடுத்தாலும் மெல்லிய ஸ்லைஸ் படங்களை டிஸ்க்கில் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த ஸ்கேனில் 6 மில்லிமீட்டர் ஓட்டை 9 ஆனதா என்று ஒப்பிட, ஃபிலிமில் அச்சடித்த நாலைந்து தாள் உதவாது.